பென்டிரைவை மாற்றி மாற்றிச் செருகியபோது பட்ட பாடு

சத்துவாச்சாரி, கல்யாண வீடியோ எடுப்பவர்:
போன ஆவணியில் ஆரணியில் ஒரு கல்யாணம் எடுத்தேன். எடிட்டிங் செய்யும் மச்சானிடம் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் இருக்கிறது. என் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால், “படம் ஓடுது, ஆனா உள்ளே எதுவும் போட முடியலையே” என்றார். என் டிஸ்க் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. அப்படிப்பட்ட டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி என்று தன்னுடைய டிஸ்க் ஒன்றில் முடித்துக் கொடுத்தார். அது ஏபிஎஃப்எஸ், மேக்கின் சொந்த முறை. என் விண்டோஸில் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது. கடைப்பையன், “ஓகே குடுங்கண்ணே” என்கிறான். கை மவுஸ் வரைக்கும் போய்விட்டது. தாலி கட்டியதை இன்னொரு முறை கட்டச் சொல்லி எடுக்க முடியுமா?

காட்பாடி, கல்லூரி மாணவர்:
அண்ணே, அப்படிக் கேட்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். காலி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். நான் அடி வாங்கியது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில். அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் பாஸ் (BOSS) என்ற லினக்ஸ் இருந்தது. என் எக்ஸ்ஃபேட் பென்டிரைவை அது திறக்கவே இல்லை. எக்ஸ்ஃபேட்டின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதே 2019-ல். அந்த வருடக் கடைசியில் வந்த 5.4 கெர்னலில்தான் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸுக்குள்ளேயே அது சேர்ந்தது. அதற்கு முந்தையதில் தனியாக மென்பொருள் போட வேண்டும். ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய காலையில் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆரணி, பட்டுச்சேலை டிசைன் செய்பவர்:
எங்கள் தறியில் சேலை டிசைனைப் படித்து நெய்ய வைக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் ஆகும். அதற்கென்றே பழைய 8 ஜிபி பென்டிரைவ், அடையாளத்துக்குச் சிவப்பு ஜரிகை கட்டியது. பையன் அதில் படம் ஏற்றப் பார்த்தான். 5 ஜிபி இடம் இருந்தும் ஏறவில்லை. ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 வாங்காது. எனக்கு நல்லதாகப் போயிற்று. தொல்லை கொடுத்தது மேக்தான். ஒருமுறை மேக்கில் டிசைன் ஏற்றி வந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் புள்ளியும் கோடும் போட்டு இன்னொரு குட்டி ஃபைலைத் தானாக வைத்திருக்கிறது. தறிக்காரர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, “டிசைன் வரலைங்க” என்று அரை நாள் தறியை நிறுத்திவிட்டார்.

சத்துவாச்சாரி:
தம்பி சொன்னபடி எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினேன். மச்சானுக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் காப்பி ஓடும்போதே பையன் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கிவிட்டான். ரிசப்ஷன் ஃபோல்டர் காலி. என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும் ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு, எக்ஸ்ஃபேட்டில் கிடையாதாம். கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அவனுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன ஆம்பூர் பிரியாணி ரத்து.