சமக்குற்றமா, சமபங்குத் தவறா?

> இரு தரப்பும் கறைபட்ட ஒப்பந்தத்தில் நீதிமன்றம் யாருக்கும் கைகொடுக்காது என்ற கோட்பாட்டுக்கு (in pari delicto) தமிழில் ‘சமக்குற்றம்’ என்று பெயர் வைக்கலாமே?

வணக்கம் ஐயா,

சொல் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் குற்றம் என்றதும் வக்கீல்களுக்குத் தண்டனைச் சட்டம்தான் நினைவுக்கு வரும். 1866இல் இங்கிலாந்தில் பியர்ஸ் எதிர் புரூக்ஸ் வழக்கு. பாலியல் தொழில் செய்த பெண்ணுக்கு, தொழிலுக்குத்தான் என்று தெரிந்தே குதிரை வண்டியை வாடகைக்கு விட்டார்கள். வாடகை வரவில்லை, வழக்கும் நிற்கவில்லை. வண்டி விட்டவர்கள் ஜெயிலுக்குப் போகும் காரியம் எதுவும் செய்யவில்லை. ஒழுக்கக்கேடான நோக்கத்துக்குத் தெரிந்தே துணைபோனார்கள், அவ்வளவுதான். ஆகவே ‘தவறு’ போதும்.

‘சம’ என்பதில்தான் வேலையே இருக்கிறது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு: அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர், 1,000 ரூபாய் தருகிறேன் என்கிறார் மற்றவர். ஒப்பந்தம் செல்லாது. (தொகை மட்டும்தான் பழசு!) கொடுத்த பணம் திரும்புமா என்பது வேறு கேள்வி. சீதாராம் எதிர் ராதாபாய் வழக்கில் (1968) இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று, கேட்பவரின் தவறு எதிராளியின் தவறுக்குச் சமமாக இல்லாத நிலை. ஏமாந்து கொடுத்தவரையும் திட்டமிட்டு வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதல்லவா? ‘ஒத்த தவறு’ என்றால் பேச்சில் ஒற்றைத் தவறாகிவிடும். ‘நிகர்த் தவறு’ நிகர லாபத்தை நினைவூட்டும். என் பரிந்துரை: சமபங்குத் தவறு.

---

ஐயா, எனக்குச் சம்மதம். கொள்ளையர் வழக்குக்கும் பொருந்துகிறது. 1725இல் இங்கிலாந்தில் எவரெட் என்ற வழிப்பறிக்காரர், கொள்ளையடித்ததற்குக் கூட்டாளி வில்லியம்ஸ் கணக்கு காட்டவில்லை என்று வழக்கே போட்டார். கடிகாரம், மோதிரம், குதிரை, சேணம் எல்லாம் ஏதோ கூட்டு வியாபாரச் சரக்கு போல மனுவில் எழுதியிருந்தார்கள். மனு தள்ளுபடி, வழக்கை நடத்திய சொலிசிட்டர்களுக்கு (வக்கீல்களுக்கு) ஆளுக்கு 50 பவுண்டு அபராதம்.

ஒரு திருத்தம். ‘யாருக்கும் கைகொடுக்காது’ என்று விளக்கத்தில் போட வேண்டாம். வழக்கு தோற்றால் பணம் வைத்திருப்பவருக்குத்தானே லாபம்? 2016இல் பட்டேல் எதிர் மிர்சா வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதில் வேறு வழி எடுத்தது. வெளியில் வராத உள்தகவலை வைத்துப் பங்குவிலையில் பந்தயம் கட்டக் கொடுத்த 6,20,000 பவுண்டு. தகவல் வரவில்லை, பந்தயமும் நடக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம்.

கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: “சமபங்குத் தவறு – சட்டவிரோத அல்லது ஒழுக்கக்கேடான ஒப்பந்தத்தில் இரு தரப்பின் தவறும் ஒரே அளவில் இருக்கும் நிலை.” பணம் திரும்புமா என்பதைத் தனிப் பதிவாக வைத்துக்கொள்வோம்.