திருச்சி டூ காரைக்குடி, வழியில எங்க நிறுத்தலாம்?

மே லீவுல கார்ல கிளம்புறோம், அம்மா, ரெண்டு வாண்டுங்கன்னு ஆறு பேரு, பிளான்னு ஒண்ணும் கிடையாது, தோணுற இடத்துல இறங்கலாம்னு இருக்கோம், எதை விடக்கூடாது?

பதில்: திருமயம் கோட்டை, 1687ல சேதுபதி கட்டுனது. மதியம் ஏறுனா பாறைச் சூட்டுல செத்தோம், காலைலயே ஏறிடுங்க. ரோட்டோரம் கோட்டை பைரவர் இருக்காரு, தேங்கா உடைச்சுட்டுப் போங்க.

பதில்: ஆத்தங்குடி போங்க சார். கண்ணாடி மேல கையாலயே கலர் ஊத்தி டைல்ஸ் பண்றாங்க, சூளையே கிடையாது, தண்ணில ஊறவச்சு காயவைக்கிறதுதான். பத்து நிமிஷம்னு இறங்குனோம், பசங்க ரெண்டு மணி நேரம் நகரல.

பதில்: அம்மாவுக்கு முட்டி வலின்னா கோட்டை வேணாங்க, கானாடுகாத்தான் தெருவுல காரை மெதுவா விட்டாலே பெரிய வீடுங்கள பாத்துடலாம். நுங்கு வண்டி கண்ல பட்டா யோசிக்காம நிறுத்துங்க.

கேட்டவர்: நுங்குன்னதும் அம்மா பைய கட்டிட்டாங்க!