பொருள்: தருக்கத் திறன் வினாக்களில் இருபொருள்படும் தொடர் – ‘கவர்பொருள்’ என்னும் சொல்லுக்கான பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

தருக்கத் திறன் தேர்வில் ஒரே தொடர் இருவேறு விடைகளுக்கு இடங்கொடுக்கும் குறையைச் சுட்டத் ‘தெளிவின்மை’, ‘இரட்டுறல்’, ‘பொருள் மயக்கம்’ என்னும் மூன்று சொற்கள் நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் பொருந்தா என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது தவறன்று, ஆயினும் அதனினும் கூர்மையான சொல் நம்மிடம் இருக்கிறது.

வினாத்தாளில் வரக்கூடிய ஒரு தொடரைக் கொண்டே பார்ப்போம். ‘எல்லா விண்ணப்பதாரர்களும் தேர்ச்சி பெறவில்லை’ என்பது கூற்று. ‘ஒருவரும் தேர்ச்சி பெறவில்லை’ என்பது முடிவு. முடிவு கூற்றைத் தொடர்கிறதா? எதிர்மறை வினையை மட்டும் தழுவுவதாகக் கொண்டால் அனைவரும் தோற்றனர், முடிவு சரி. அது ‘எல்லா’ என்பதையும் சேர்த்து மறுப்பதாகக் கொண்டால் சிலரேனும் தோற்றனர் என்பதே கிடைக்கும்; முடிவு தொடராது. இவ்விரு பொருளும் தனித்தனியே மிகத் தெளிவானவை. ஆகவே இதைத் தெளிவின்மை என்பது நோயை மாற்றிச் சொல்வதாகும். ‘பெரிய நகரம்’ என்பதில் எவ்வளவு பெரிது என்று வரையறுக்கப்படவில்லை. தெளிவின்மை என்னும் பெயர் அதற்குத்தான் உரியது.

இத்தொடரைத் திருத்துவதும் எளிதன்று. ‘ஒருவரேனும் தேர்ச்சி பெறவில்லை’ என்று மாற்றினால், தோற்றவர் ஒருவராவது இருக்கிறார் என்றும், தேறியவர் ஒருவர்கூட இல்லை என்றும் மீண்டும் இருவகையாகக் கொள்ளலாம். ‘தேர்ச்சி பெறாதவர் ஒருவரேனும் உண்டு’ என்று எதிர்மறையைப் பெயருக்குள் அடக்கும்போதுதான் ஐயம் அகல்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இருமொழி வினாத்தாள்களில், ஐயம் எழுமிடத்து ஆங்கில வடிவமே இறுதியானது என்னும் குறிப்பு அச்சிடப்படுவதுண்டு. ஆனால் ‘ஆல்’ (all), ‘நாட்’ (not) என்னும் இரு சொற்களும் சேரும் ஆங்கிலத் தொடரிலும் இதே சிக்கல் உண்டாதலால், அக்குறிப்பு எல்லா இடத்திலும் கைகொடுக்காது. தமிழ்த் தொடரைத் தமிழிலேயே செப்பம் செய்தாக வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளையின் மதிப்பெண் அதில் அடங்கியிருக்கிறது.

‘இரட்டுறல்’ என்பதை மறுக்கக் காரணம் வேறு. இரட்டுற மொழிதல், அதாவது ஒரே தொடரில் இருபொருள் அமையப் பாடுதல், புலவன் வேண்டுமென்றே செய்வது. காளமேகத்தின் சிலேடைகளில் அது சிறப்பு. வினா எழுதுபவரோ தம் மனத்திலுள்ள பொருள் மற்றதை மறைத்துவிடுவதால் இரண்டாவது வழி இருப்பதையே அறியார். நன்னூல் ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்றைச் சொல்வதால் ‘பொருள் மயக்கம்’ என்பதற்கு மரபின் துணை உண்டு. எனினும் மயக்கம் படிப்பவர் மனத்தில் நிகழ்வது. குறை இருப்பதோ தொடரில். ‘கவர்’ என்பது கிளைத்துப் பிரிவது. கவர்வழி என்றால் பிரிந்து செல்லும் வழி. ‘கவர்பொருள்’ என்னும்போது பிளவு தொடரின் மேலேயே ஏற்றிச் சொல்லப்படுகிறது. ‘கவர்பொருள் வினா’, ‘கவர்பொருள் நீக்கம்’ என்று தொகையாக்கவும் அது இடந்தருகிறது.

ஒரு நுட்பத்தையும் இங்கே காக்க வேண்டும். ‘சில மாணவர்கள் பாடகர்கள்’ என்னும்போது பேச்சு வழக்கில் ‘எல்லாரும் அல்லர்’ என்பதும் உடன் தோன்றுகிறது; தருக்கத்தில் ‘சில’ என்பதற்குக் குறைந்தது ஒன்று என்பதே பொருள், அனைத்தும் ஆகவும் தடையில்லை. இது கவர்பொருள் அன்று. சொல்லின் பொருள் ஒன்றே. மற்றது உரையாடலின் இயல்பிலிருந்து கேட்பவர் உய்த்துணர்வது. மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் விளக்கிய இவ்வகைக்கு, நம் இலக்கணத்தில் வெளிப்படைக்கு எதிராக நிற்கும் ‘குறிப்பு’ என்பதையே அடிச்சொல்லாகக் கொள்ளலாம். திருத்தும் முறையும் வேறு: கவர்பொருளுக்குத் தொடரை மாற்ற வேண்டும், இதற்கு ‘சில’ என்பதன் பொருளைத் தேர்வின் அறிவுரைப் பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும்.

பண்பைக் குறிக்கக் ‘கவர்பொருண்மை’ என்பதா, ‘கவர்பொருளுடைமை’ என்பதா என்பதில் குழுவினரின் கருத்தை அறிய விரும்புகிறேன். சுருக்கம் கருதி முன்னதையே நான் விரும்புகிறேன்.

அன்புடன்.