உதவி: இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நிகர அரிசி இறக்குமதி வரைபடத்தில் ஒரு கோடு எழவே இல்லை

நித்யா_எம்ஏ
நாளைக் காலை ஆய்வு வரைவைக் கொடுக்க வேண்டும், அவசரம். இரண்டு நாடுகளின் நிகர அரிசி இறக்குமதியை 1961லிருந்து ஒரே வரைபடத்தில் போட்டேன். இந்தோனேசியா மலை மாதிரி ஏறி இறங்குகிறது. பிலிப்பைன்ஸ் அடி அச்சோடு ஒட்டிக் கிடக்கிறது, நடுவில் அங்கங்கே அறுந்தும் போகிறது. இறக்குமதியில் ஏற்றுமதியைக் கழித்திருக்கிறேன், சூத்திரம் சரிதான். வேறு என்ன தவறு?

களத்துமேடு
தரவு எங்கே எடுத்தது? இரண்டுக்கும் ஒரே மூலமா?

வடகரை
இது நெல், அரிசிக் குழப்பம்தான். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தைந்து கிலோ சொச்சம்தான் அரிசி. ஒரு நாட்டுக்கு நெல் கணக்கை எடுத்திருப்பீர்கள்.

களத்துமேடு
அப்படியானால் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம் வரும். தரையில் ஒட்டாதே.

எண்கணக்கர்
மூலம், அலகு, ஆண்டு மூன்றையும் எழுதாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? முதுகலை படிப்பவருக்கு இதுகூடவா தெரியாது? 2008 வரிசையைப் பாருங்கள். அந்த ஆண்டு உலகிலேயே அதிகமாக அரிசி வாங்கியது பிலிப்பைன்ஸ், 20 லட்சம் டன்னுக்கு மேல். உங்கள் கட்டத்தில் நான்கு இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது ஆயிரம் டன் கணக்கு.

நித்யா_எம்ஏ
ஆமாம், நான்கு இலக்கம். இந்தோனேசியாவை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தளத்திலும், பிலிப்பைன்ஸை அமெரிக்க வேளாண் துறை அட்டவணையிலும் எடுத்தேன். அது முக்கியம் என்று நினைக்கவில்லை.

களத்துமேடு
அதுதான் முக்கியம். ஆயிரத்தால் பெருக்கினால் கோடு எழுந்துவிடும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அமெரிக்க அட்டவணையில் பிலிப்பைன்ஸின் சந்தைப் பருவம் ஜூலையில் தொடங்கும், இந்தோனேசியாவுக்கு ஜனவரி. இரண்டு நாட்டையும் அங்கேயே, வர்த்தக ஆண்டுப் பத்தியில் எடுங்கள், அது இரண்டுக்கும் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். உணவு வேளாண் அமைப்புத் தரவுதான் வேண்டும் என்றால் நொய்யையும் சேருங்கள். 2021, 2022இல் இந்தோனேசியா வாங்கியதில் பெரும்பகுதி நொய்தான்.

கோடு அறுவதற்குக் காரணம், ஏற்றுமதிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சிறு கோடு (-) ஏதாவது இருக்கும். அது எழுத்து, கழிக்க வராது. ஏற்றுமதியே இல்லாத ஆண்டென்றால் பூஜ்ஜியம் போடுங்கள். தரவே இல்லாத ஆண்டை அப்படியே விடுங்கள்.

வடகரை
எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960லிருந்து பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கிறது. 1966இல் ஐ.ஆர்.8 என்ற உயர் விளைச்சல் நெல் ரகம் அங்கிருந்துதான் வந்தது. அந்த நாடு அரிசிக்குக் கையேந்துவது அரசாங்கத்தின் அலட்சியம்.

புதுவயல்
நிலையம் இருந்தால் நிலம் வந்துவிடுமா? தாய்லாந்துக்குச் சாவோ பிரயா, வியட்நாமுக்கு மேகாங். அந்த மாதிரி ஆற்றுச் சமவெளி இந்தத் தீவுகளில் ஏது? புயல் வேறு வருடா வருடம்.

வடகரை
இந்தோனேசியாவும் தீவுதான். 1984இல் தன்னிறைவு என்று அறிவித்ததே.

புதுவயல்
நிலைத்ததா? 1997 எல் நினோ வறட்சி, கூடவே ரூபியா சரிவு. மறு வருடமே கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 2024இலும் சுமார் 45 லட்சம் டன்.

எண்கணக்கர்
கேள்வி வரைபடத்தைப் பற்றியது. விவாதத்துக்குத் தனி இழை திறங்கள்.

நித்யா_எம்ஏ
கோடு எழுந்துவிட்டது! கட்டத்தில் சிறு கோடுதான் இருந்தது. ஆனால் 1970களின் கடைசியில் பிலிப்பைன்ஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. இதுவும் பிழையா?

களத்துமேடு
இல்லை, அது உண்மை. 1973இல் மசகானா 99 என்று கடனும் உரமும் கொடுத்த திட்டம் வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் கொஞ்சம் ஏற்றுமதி செய்தார்கள். அதை அழித்துவிடாதீர்கள். 2019இல் ஒரு குறிப்பும் போடுங்கள்: இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுச் சுங்கவரி வைத்த பிலிப்பைன்ஸ் சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. அப்புறம், தலைக்கு எத்தனை கிலோ என்று இன்னொரு வரைபடமும் போட்டுப் பாருங்கள். இந்தோனேசியாவின் 28 கோடிப் பேருக்கு 45 லட்சம் டன்னும், பிலிப்பைன்ஸின் 11 கோடிச் சொச்சம் பேருக்கு அதே அளவும் ஒன்றாகாது.

நித்யா_எம்ஏ
கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

களத்துமேடு
வர்த்தக ஆண்டுக்கு மாற்றினீர்களா?