எக்ஸ்எம்பிபி அரட்டை அறை வழியா டாங்கி ஆட்டம்: 20 விநாடியில் இழுக்க ஆரம்பிக்குது

கேள்வி

நாலு பேர் ஆடும் டாங்கி விளையாட்டு. லாகின், நண்பர் பட்டியல், அரட்டை எல்லாத்துக்கும் இஜாபர்டி (எக்ஸ்எம்பிபிங்கிற அரட்டை நெறிமுறைல ஓடும் மென்பொருள்) சர்வர் ஏற்கெனவே ஓடுது. அதே இணைப்புல ஒரு அரட்டை அறை திறந்து, ஒவ்வொருத்தரும் தன் டாங்கி இருக்கிற இடத்தை விநாடிக்கு 20 தடவை அனுப்புற மாதிரி எழுதியிருக்கேன். ஒரு செய்தி சுமார் 200 பைட். ஒரே வைஃபைல முதல் 20 விநாடி நல்லா ஓடுது, அப்புறம் தாமதம் கூடிக்கிட்டே போகுது. மொபைல் டேட்டால டாங்கி ஒரு விநாடி உறைஞ்சு நின்னு திடீர்னு தாவுது. செய்திகள் வர்ற எக்ஸ்எம்எல் வடிவத்தைப் பிரிச்சுப் படிக்கிறதுதான் (பார்ஸிங்) மெதுவா?

பதில் 1

பார்ஸிங் காரணமில்லை. ரெண்டும் வேற வேற கோளாறு.

முதல்ல அந்த 20 விநாடி. இஜாபர்டியோட மாதிரி கான்ஃபிக்ல சாதாரண பயனருக்கான ஷேப்பர் (வேகக் கட்டுப்பாடு) விநாடிக்கு 3000 பைட், பர்ஸ்ட் (வரம்பை மீறி அனுப்ப விடும் கையிருப்பு) 20000 பைட். நீங்க அனுப்புறது 20 × 200 = 4000. விநாடிக்கு 1000 பைட் மிஞ்சுது, 20 விநாடில பர்ஸ்ட் தீர்ந்துடும். அதுக்கு மேல சர்வர் உங்க சாக்கெட்டை (இணைப்பு முனையை) மெதுவாத்தான் படிக்கும். செய்தி எதுவும் தொலையாது, வரிசைல தேங்கி நிக்கும். அதான் தாமதம் வளருது. ஷேப்பரை உயர்த்தினா இது போயிடும்.

உறையறது டிசிபியால (எக்ஸ்எம்பிபி இணைப்பு ஓடும், எதையும் விடாம வரிசையாக் கொடுக்கிற நெறிமுறை). ஒரு பாக்கெட் தொலைஞ்சா அது மறுபடி வர்ற வரைக்கும் பின்னாடி வந்ததெல்லாம் காத்திருக்கும். லினக்ஸ்ல மறு அனுப்பலுக்குக் குறைந்தபட்சக் காத்திருப்பு 200 மில்லி விநாடி. அதுவும் தொலைஞ்சா 400, அடுத்து 800. மொத்தம் 1.4 விநாடி! அனுப்பறவர்–சர்வர், சர்வர்–பெறுறவர்னு ரெண்டு இடத்துலயும் இது நடக்கலாம். அரை விநாடிக்கு முன்னாடி டாங்கி எங்க இருந்ததுன்னு யாருக்கும் தேவையில்லை, ஆனா டிசிபி அதைக் கொடுத்துட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்கும். இதுக்கு கான்ஃபிக்ல மருந்து கிடையாது.

போதாக்குறைக்கு, அறை ஒவ்வொரு செய்தியையும் அனுப்பினவருக்கும் சேர்த்தே திருப்பி அனுப்பும்: உள்ளே 80 செய்தி (4 × 20), வெளியே 320 (80 × 4), ஒவ்வொரு விநாடியும்.

பதில் 2

எக்ஸ்எம்பிபியைத் தூக்கி எறிய வேண்டாம், ஆள் சேர்க்கிற இடமா வெச்சுக்குங்க. ஜீரோ ஏடி விளையாட்டுல லாபி (ஆள் சேர்க்கிற இடம்) எக்ஸ்எம்பிபி. ஆட்டம் ஈநெட்ங்கிற நெட்வொர்க் நூலகம் மூலமா யூடிபில (தொலைஞ்ச பாக்கெட்டுக்காகக் காத்திருக்காத நெறிமுறை), வழக்கமா 20595 போர்ட்ல ஓடும். உங்களுக்கும் அதே பிரிவினைதான் சரி. ஒருத்தர் ஹோஸ்ட் (ஆட்டத்தை நடத்துறவர்), மத்த மூணு பேரும் அவருக்கு மட்டும் யூடிபி அனுப்பட்டும். இடம், கோணம் சேர்த்து 10 பைட்ல அடங்கிடும். வரிசை எண் போட்டு, பழையது வந்தா தூக்கிப் போடுங்க.

கேட்டவர்

எல்லாரும் வீட்டு ரவுட்டருக்குப் பின்னாடி இருக்காங்க. முகவரி எப்படித் தெரியும்?

பதில் 2

அதுக்குத்தான் எக்ஸ்எம்பிபி. ஆட்டத்துக்குப் பயன்படுத்தப் போற அதே யூடிபி சாக்கெட்லேருந்து ஸ்டன் சர்வரைக் கேளுங்க (3478 போர்ட்); உங்க முகவரி வெளியிலேருந்து எப்படித் தெரியுதுன்னு அது சொல்லும். வேற சாக்கெட்ல கேட்டா வேற போர்ட் கிடைச்சு எல்லாம் வீணாகும். வந்த முகவரியையும் 16 பைட் ரகசியச் சாவியையும் ஐக்யூ ஸ்டான்ஸால (எக்ஸ்எம்பிபியோட கேள்வி-பதில் செய்தி) ஹோஸ்ட்டோட பரிமாறிக்குங்க. ரிசோர்ஸ் (எந்த இணைப்புன்னு காட்டும் பகுதி) சேர்ந்த முழு ஜேஐடிக்கே (எக்ஸ்எம்பிபி முகவரி) அனுப்பணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பாக்கெட் விட ஆரம்பிக்கணும், அப்பத்தான் ரவுட்டர் வழி விடும். 5 விநாடிக்குள்ள சாவியோட பதில் வரலைன்னா டர்ன் சர்வர் (நடுவுல நின்னு பாக்கெட்டைக் கடத்துறது) வழியா போங்க.

பதில் 3

பின்னாடி சதுரங்கம் மாதிரி முறை வெச்சு ஆடுறது எழுதினா அரட்டை அறையே போதும். உங்க நகர்வு அறைலேருந்து திரும்பி வந்த பிறகுதான் பலகைல காயை நகர்த்துங்க, அப்ப எல்லாருக்கும் ஒரே வரிசை இருக்கும். அறைக்குள்ள நுழையும்போது ஹிஸ்டரில (பழைய செய்தி கேட்கும் பகுதி) மேக்ஸ்ஸ்டான்ஸாஸ் (எத்தனை செய்தி வேணும்ங்கிற எண்) 0 கொடுங்க. இல்லாட்டி முந்தின ஆட்டத்தோட கடைசி 20 செய்தி வந்து புதுப் பலகைல காய்கள் தானா நகரும்.