2 குட்டீஸோட 8 மணி நேர கார் பயணம், என்ன ரெடி பண்ணணும்?

கேள்வி:
பெரியவனுக்கு 5 வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. பெரியவன் அரை மணி நேரத்துலயே வாந்தி எடுத்துடுவான், அதான் பயமா இருக்கு. ஐடியா சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
இந்த வயசுல சகஜம்தான் சிஸ்டர். போன் மட்டும் குடுக்காதீங்க, கண்ணு ஸ்கிரீன்லயே இருக்கும், உள்காது வண்டி ஆடுறத உணரும், ரெண்டும் ஒத்துப்போகாமதான் குமட்டுது. ஜன்னல் வழியா தூரமா பாக்க சொல்லுங்க, வயிறு முட்ட ஊட்டாதீங்க. கவர், ஈர டிஷ்யூ, மாத்து டிரெஸ் எல்லாம் டிக்கியில வைக்காம காலடியிலயே வைங்க, நாங்க ரோட்டோரம் நிறுத்தி பை பையா கிளறுனோம், பையன் நனைஞ்ச சட்டையோட அழுதுட்டு நின்னான்.

பதில் 2:
சின்னவளுக்கு கார் சீட் பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டுங்க, மடியில வேணவே வேணாம். 2 மணி நேரத்துக்கு ஒருதடவ இறக்கி ஓட விடுங்க. தூங்குறாங்களேன்னு வண்டிக்குள்ள தனியா விட்டுடாதீங்க, வெயில்ல 10 நிமிஷத்துலயே உள்ள சூடு ஏறிடும்.