நின்றுபோன பி.எஸ்சி-யை அமெரிக்காவில் ஒரு வருடத்தில் முடிக்க முடியுமா?

பிஸ்காட்டவே_வாசி (கேள்வி)

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயன்ஸ் நாலு செமஸ்டர் எழுதியிருக்கிறாள். இரண்டு அரியர், அதில் ஒன்று கணிதம். இப்போது நியூ ஜெர்சியில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறாள், வேலை அனுமதியும் வந்துவிட்டது. வாரம் 25 மணி நேரம் வேலை. பிசினஸ் அல்லது ஐடி சார்ந்த இளநிலைப் பட்டம் வேண்டும்.

"ஆறே மாதத்தில் பட்டம்" என்று ஒரு பக்கம் விளம்பரம். "நாலு வருடத்துக்குக் குறைந்து எதுவும் நடக்காது" என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எது உண்மை? வகுப்பில் சேராமலே எழுதிக் கல்லூரிக் கிரெடிட் வாங்கும் கிளெப் தேர்வுகளை இப்போதே எழுத ஆரம்பிக்கலாமா? ஊரில் எழுதிய நாலு செமஸ்டருக்கு இங்கே மதிப்பு உண்டா?

---

கிரெடிட்_கணக்கு

கிளெப்பை இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். முதலில் எந்தப் பல்கலை பட்டம் தரப்போகிறது என்று முடிவாகட்டும். பலரும் தலைகீழாகச் செய்வார்கள்: பத்துத் தேர்வு எழுதி முடித்த பிறகு பல்கலையைத் தேடுவார்கள், அது நாலை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இங்கே இளநிலைப் பட்டம் என்பது பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் (கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் அளவைச் சொல்லும் எண்). காலத்தைச் சுருக்குவது என்றால் அதில் எத்தனையை வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்பதுதான் கணக்கு. அதற்கு மூன்று தடைகள் உண்டு. ஒன்று, குறைந்தபட்சம் இத்தனை கிரெடிட் எங்களிடமே படிக்க வேண்டும் என்ற விதி (பல இடங்களில் 30). இரண்டு, 300, 400 எண்ணுள்ள மேல்நிலைப் பாடங்கள் இத்தனை வேண்டும் என்ற விதி. மூன்று, ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது. பலரை வீழ்த்துவது இரண்டாவதுதான். கிளெப்பில் கிடைப்பதெல்லாம் ஏறக்குறைய முதல் இரண்டு வருடத்துப் பாடங்கள். 60 கிரெடிட் சேர்த்தாலும் மேல்நிலைப் பாடங்கள் அப்படியே காத்திருக்கும்.

ஊர் மதிப்பெண்ணுக்குக் கட்டாயம் மதிப்பு உண்டு. வெளிநாட்டுப் படிப்பை இங்குள்ள அளவுக்கு மதிப்பிட்டுத் தரும் நிறுவனங்களுக்கு நாசெஸ் என்று ஒரு அமைப்பு உண்டு, அதில் உறுப்பினராக உள்ள ஒன்றிடம் கொடுக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று பல்கலையிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். அறிக்கையில் இரண்டு வகை. பட்டத்தின் இணைத்தன்மையை மட்டும் சொல்வது விலை குறைவு. அது இந்த வேலைக்கு உதவாது. பாடவாரியாகக் கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தருவதுதான் வேண்டும். அவசரத்தில் விலை குறைந்ததை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலையின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் உறையிலிட்டு, முத்திரை வைத்து, நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். இடையில் நிறுத்தியவர்களுக்கு ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் இருக்காது. நாலு செமஸ்டர் பட்டியலையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுப் பிரிவா, பல்கலையா, யார் கையெழுத்து வேண்டும் என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். மொத்த வேலையிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான். ஊரில் ஒருவர் நேரில் அலைந்தால் மட்டுமே நகரும்.

முழுதாகத் தேறிய ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 30 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளலாம். அரியர் உள்ள தாளுக்கு ஒன்றும் வராது. இரண்டு தாள் போனால் 50 சொச்சம். அதிலும் புதிய பட்டத்தில் பொருந்தி உட்காருவது 40 என்று வைத்தே திட்டமிடுங்கள். தமிழ்ப் பாடம் வீண் என்று நினைக்க வேண்டாம், ஹியூமானிட்டீஸ் (மொழி, இலக்கியம், கலை) பிரிவிலோ விருப்பப் பாடமாகவோ அது சேரலாம். ஊர் ஆங்கிலப் பாடத்தை மட்டும் நம்பாதீர்கள். இங்கே கேட்பது கட்டுரை எழுதும் பாடம், அதற்கு இணையாகப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

---

பிஸ்காட்டவே_வாசி

மிக்க நன்றி. கணித அரியரை ஊருக்குப் போய் எழுதி முடித்துவிட்டு டிரான்ஸ்கிரிப்ட் எடுப்பது நல்லதா?

---

கிரெடிட்_கணக்கு

ஒரு தாளுக்காக விமான டிக்கெட்டா! வேண்டாம். கிளெப்பில் காலேஜ் அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் மூன்றுமே உண்டு. பட்டம் எதைக் கேட்கிறதோ அதை எழுதினால் போதும். பிசினஸ் பட்டத்துக்குப் பல இடங்களில் புள்ளியியல் கேட்பார்கள். அதற்கு கிளெப் கிடையாது. டிஎஸ்எஸ்டி என்ற இன்னொரு தேர்வு வரிசையில் உண்டு.

கிளெப் பற்றிச் சுருக்கமாக. நடத்துவது காலேஜ் போர்டு. 34 தேர்வுகள், பெரும்பாலானவை 90 நிமிடம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் பொதுவாகக் கிரெடிட், ஆனால் சில பல்கலைகள் சில பாடங்களுக்கு அதற்கு மேலும் கேட்கும். தவறான விடைக்குக் கழிப்பது இல்லை, எனவே எதையும் காலியாக விடக்கூடாது. தவறினால் அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் எழுதலாம். கட்டணம் 100 டாலருக்குச் சற்றுக் கீழே, மையத்தின் கட்டணம் தனி. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவச ஆன்லைன் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். அதை விட்டுவிட்டுக் கைக்காசு போட வேண்டியதில்லை.

இரண்டு இடத்தில் கவனம். காலேஜ் காம்போசிஷன், காலேஜ் காம்போசிஷன் மாடுலர் என்று இரண்டு உண்டு. முதலாவதில் கட்டுரைகள் சேர்ந்தே இருக்கும். இரண்டாவதைப் பல பல்கலைகள் ஏற்பதில்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் பதிவு செய்துவிடுகிறார்கள். அடுத்தது, ஊர் டிரான்ஸ்கிரிப்டில் ஏற்கெனவே வந்த பாடத்துக்கே கிளெப் எழுதுவது. அது இரண்டு முறை எண்ணப்படாது. அதனால்தான் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும்வரை பொறுக்கச் சொல்கிறேன். அதுவரை காம்போசிஷனுக்கு மட்டும் தயாராகலாம், அது எந்தப் பட்டத்துக்கும் வேண்டியிருக்கும்.

---

மாலை_வகுப்பு

ஆறு மாத விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்றால், டபிள்யூஜியு (வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி) போன்ற, பாடம் தெரியும் என்று காட்டினால் உடனே அடுத்ததற்குப் போகவிடும் ஆன்லைன் பல்கலைகளிலிருந்து. டபிள்யூஜியு மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் தொடங்கியது, தலைமையிடம் யூட்டா. முறையான அங்கீகாரம் உள்ளது, மோசடி இல்லை. ஆனால் ஆறு மாதம் என்பது அதிகபட்ச கிரெடிட்டைக் கொண்டுவந்து, மிச்சத்திலும் பாதியை ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவரின் கணக்கு.

அங்கே கட்டணம் பாடத்துக்கு இல்லை, ஆறு மாதப் பருவத்துக்கு. பிசினஸ், ஐடி பிரிவுகளில் பருவத்துக்குச் சுமார் 4,000 டாலர். அந்த ஆறு மாதத்தில் 12 யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு இணையான அளவு) முடித்தாலும் 40 முடித்தாலும் அதே பணம். 12-க்குக் குறையக்கூடாது. இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் வரை வெளியிலிருந்து ஏற்பார்கள். எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்பது பட்டத்துக்குப் பட்டம் மாறும். மிக முக்கியமானது: வெளிக் கிரெடிட் எல்லாம் சேர்வதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு கிளெப் எழுதிக் கொண்டுபோனால் எடுக்கமாட்டார்கள்.

மதிப்பீடு இரண்டு விதம். ஒன்று, கேமரா முன் உட்கார்ந்து எழுதும் தேர்வு. மற்றது, கட்டுரையோ திட்டமோ எழுதிச் சமர்ப்பிப்பது. தேர்வுப் பாடங்களில் வேகம் பிடிக்கும் வழி: புத்தகத்தைத் திறக்கும் முன்பே மாதிரித் தேர்வை எழுதுங்கள், எந்தப் பகுதியில் குறைகிறதோ அதை மட்டும் படியுங்கள். கட்டுரைப் பாடங்களில் மதிப்பெண் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தலைப்பாக வைத்து அதன் கீழேயே எழுதுங்கள். நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வரிக்குப் பதில் விடுபட்டால் திருப்பி அனுப்புவார்கள், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சில நாள் போகும். ஒன்றைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் அடுத்த பாடம் ஓட வேண்டும். அலுவலக லேப்டாப்பில் தேர்வு எழுத நினைக்க வேண்டாம், கண்காணிப்பு மென்பொருளை அது நிறுவவே விடாது. சொந்தக் கணினி, தனி வெப்கேம், யாரும் நுழையாத ஒரு அறை வேண்டும்.

தங்கையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊர்ப் படிப்பில் 40, கிளெப்பில் காம்போசிஷன் 6, இன்னும் ஆறு தேர்வுக்கு 18. ஆக 64. மிச்சம் 56. ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேரம் என்பது இங்குள்ள பொதுவான அளவுகோல். 56-ஐ இரண்டு பருவத்தில் முடிக்க வேண்டுமென்றால் பருவத்துக்கு 28 கிரெடிட், 1,260 மணி நேரம், வாரம் 48. வேலை 25 மணி நேரம், வீடு வேறு. தாங்காது. மூன்று பருவம் என்றால் வாரம் 32 மணி நேரம். ஐடி பாடங்களில் பாதி தெரிந்ததாக இருந்தால் இரண்டு பருவத்துக்கு இறங்கலாம். முன்வேலைக்கு நாலைந்து மாதம் சேருங்கள். ஆக, இன்றிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு வருடம் நியாயமான கணக்கு, ஒரு வருடம் பேராசை.

தேர்ச்சி உண்டு, கிரேடு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேறிய எல்லாவற்றுக்கும் 3.0-க்கு இணை என்று எழுதிவிடுவார்கள். பிறகு பெயர்பெற்ற இடத்தில் முதுநிலைக்கு 3.5 கேட்டால் அங்கே இடிக்கும்.

---

ரேரிட்டன்_ஆற்றங்கரை

நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு யூட்டாவுக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை. ட்ரெண்டனில் தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலை இருக்கிறது. 1972 முதல் வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகவே நடக்கும் அரசுப் பல்கலை. வெளிக் கிரெடிட்டை ஏற்பதில் தாராளம், பாடங்கள் 12 வாரப் பருவம், கிரேடும் உண்டு. டபிள்யூஜியு-வையும் இதையும் இரண்டு பத்தியாக எழுதி, கையிலுள்ள கிரெடிட்டில் எது எத்தனையை எடுக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வழி, கவுண்டி கல்லூரி (சமுதாயக் கல்லூரி என்பதும் இதுதான்). 2007-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, இங்கே சமுதாயக் கல்லூரியில் ஏஏ அல்லது ஏஎஸ் என்ற ஈராண்டுப் பட்டம் முடித்தால் அந்தக் கிரெடிட்டை மாநிலத்தின் அரசு நான்காண்டுக் கல்லூரிகள் முழுதாக ஏற்க வேண்டும். ஏஏஎஸ் என்ற பெயரில் இருப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, எழுத்து ஒன்று கூடினாலும் கதை வேறு. ஏழு, எட்டு வாரத்தில் முடியும் சுருக்கப் பாடங்களும் பல கல்லூரிகளில் உண்டு. மூன்று கிரெடிட் பாடத்தை எட்டு வாரத்தில் முடிப்பது என்றால் வாரம் 17 மணி நேரம். ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் எடுத்தால் மூன்றாவது வாரமே திணறும். முதல் வாரத்தில் உடல்நலம் சரியில்லாமல் போனால்கூட, சாதாரணப் பருவத்தில் இரண்டு வாரம் பின்தங்கியதற்குச் சமம்.

வேகத்தைத் தீர்மானிப்பது கிரெடிட் எண்ணிக்கை மட்டும் இல்லை. முன்பாடச் சங்கிலியையும் (ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்கலாம் என்ற வரிசை) பாருங்கள். அக்கவுண்டிங் 1, 2, பிறகு ஃபைனான்ஸ், பிறகு இறுதி ஒருங்கிணைப்புப் பாடம் என்று நாலு கண்ணி இருந்தால், மற்ற எல்லாப் பாடமும் கையில் இருந்தாலும் நாலு பருவத்துக்குக் குறைந்து முடியாது. அந்தச் சங்கிலியில் ஒன்று வசந்த காலத்தில் மட்டும் நடக்கும் பாடமாக இருந்தால் இன்னும் அரை வருடம். பாடப்பட்டியலை எடுத்து, மிக நீளமான சங்கிலிக்குச் சிவப்புக் கோடு போட்டு, அதன் முதல் கண்ணியை முதல் பருவத்திலேயே எடுக்க வேண்டும். எளிதான பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டுச் சங்கிலியைக் கடைசிக்கு வைப்பவர்கள்தான் "எட்டுக் கிரெடிட்தான் பாக்கி, ஆனால் ஒரு வருடம் ஆகும்" என்று நிற்பார்கள்.

---

விசா_விவரம்

மூன்று விஷயம் விடுபட்டிருக்கிறது.

எச்-4-இல் முழு நேரமோ பகுதி நேரமோ படிக்கலாம், ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) தேவையில்லை. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு எச்-4-க்குத் தகுதி கிடையாது. "உதவித்தொகை வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் சேர்க்கை ஏஜெண்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். உள்மாநிலக் கட்டணம் (மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பதைக் கல்லூரியிலேயே கேளுங்கள். பின்னால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் இந்தத் திட்டம் முழுதும் மாறும். அதில் முழு நேரக் கணக்கில் பருவத்துக்கு ஒரு ஆன்லைன் பாடம், மூன்று கிரெடிட் வரைதான் சேரும். முழு ஆன்லைன் படிப்பை வைத்து எஃப்-1 நிலையைக் காப்பாற்ற முடியாது.

பணம் கட்டும் முன் அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் பல்கலையின் பெயரைத் தேடுங்கள். "வேலை அனுபவத்தைச் சொல்லுங்கள், பட்டம் வீட்டுக்கு வரும்" என்பவை வெறும் தாள். அங்கீகாரம் தந்த அமைப்பே போலியாக இருப்பதும் உண்டு, அதனால் பல்கலை தன் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

கடைசியாக, ஊருக்குத் திரும்பி அரசு வேலைக்கோ முதுநிலைக்கோ இந்தப் பட்டத்தைக் காட்டும் எண்ணம் இருந்தால், இப்போதே யோசியுங்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் இணைத்தன்மை கேட்கும்போது நேரடி வகுப்பில் படித்ததா என்று பார்க்கிறார்கள். ஆன்லைன் பட்டம் அங்கே சிக்கும். அப்படியானால் ரேரிட்டன் சொன்ன கவுண்டி கல்லூரி வழியில் நேரடி வகுப்புகளாக எடுப்பதுதான் சரி, ஆறு மாதம் கூடினாலும்.

---

பிஸ்காட்டவே_வாசி

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. திங்கட்கிழமை அப்பா தேர்வுப் பிரிவுக்குப் போகிறார். டபிள்யூஜியு, தாமஸ் எடிசன் இரண்டுக்கும் எந்த மதிப்பீட்டு நிறுவனம் என்று கேட்டு மின்னஞ்சல் போட்டாயிற்று. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். தங்கை காம்போசிஷன் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள், மாடுலர் இல்லாதது.